மருத்துவ ஆய்வுக் கட்டுரையும் அதன் ஸனதும்

ஒரு செய்தியைச் சொல்பவர் அதைத் தாமே கண்டு சொல்கிறாரா, பிறர் சொல்லக் கேட்டுச் சொல்கிறாரா, கேட்டவரெனில் யாரிடம் கேட்டார் என்னும் வினா அறிவுத் துறைகள் அனைத்திற்கும் பொதுவானது. ஹதீஸ் கலையைக் கற்ற நமக்கு இவ்வினா புதிதன்று. மத்னைப் படிக்குமுன் ஸனதைப் பார்ப்பது நம் பாடசாலைகளின் முதற்பாடம். ஆனால் இதே வினாவை இன்றைய மருத்துவ இதழ்களும் தம் கட்டுரையாளர்களிடம் கேட்கின்றன என்பதையும், அதற்கென விரிவான விதிகளை வகுத்துள்ளன என்பதையும் நம்மில் பலர் அறிந்திருப்பதில்லை. நாமும் அண்மைக் காலம் வரை அறிந்திருக்கவில்லை.

விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட பின்பு, மாவட்டத்து இளைஞர் பலரின் பேச்சில் மருத்துவ ஆய்வு, ஆய்விதழ், கட்டுரை வெளியீடு ஆகிய சொற்கள் அடிபடத் தொடங்கின. நம்மிடம் சிறுவயதில் அரபி எழுத்துக் கற்ற ஒருவர் இன்று மருத்துவர். சிவகாசிப் பகுதிப் பட்டாசுத் தொழிலாளர்களின் தீக்காயச் சிகிச்சை பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதி, ஓர் இதழுக்கு அனுப்பினார். அது திரும்பி வந்தது. ஒரு நாள் மாலை மஃக்ரிபுக்குப் பின் அக்கட்டுரையை எடுத்துக்கொண்டு நம் வீட்டிற்கு வந்தார்.

"ஹஜ்ரத், மருத்துவத்தில் பிழை இல்லை என்கிறார்கள். மேற்கோள்களில்தான் பிழையாம். புள்ளி, கமா, எண் வரிசை. இதற்காகவா ஒரு கட்டுரையைத் திருப்பி அனுப்புவார்கள்?" என்றார்.

"தம்பி, புள்ளியிலும் கமாவிலும் என்ன இருக்கிறது என்று ஒரு முஹத்திஸிடம் கேட்டுவிடாதீர்கள்" என்று சொல்லி, தாள்களை வாங்கிப் பார்த்தோம். பார்க்கப் பார்க்க, நாம் முப்பதாண்டுகளாகக் கற்பித்துவரும் கலையின் நெருங்கிய உறவினர் ஒருவரை வேறு உடையில் சந்திப்பது போன்ற உணர்வு நமக்கு ஏற்பட்டது. அவ்வுணர்வின் விளைவே இக்கட்டுரை.

வான்கூவர் முறை

1978 ஜனவரியில் கனடா நாட்டின் வான்கூவர் நகரில் பொது மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கூடினர். ஒவ்வோர் இதழும் ஒவ்வொரு விதமாக மேற்கோள் காட்டச் சொன்னதால், ஓர் இதழ் ஏற்காத கட்டுரையை வேறோர் இதழுக்கு அனுப்பும்போது பட்டியல் முழுவதையும் மீண்டும் தட்டச்சுச் செய்ய வேண்டியிருந்தது. கணினி பரவாத காலம் அது. இத்துன்பத்தைப் போக்க அவர்கள் ஒரு பொது முறையை வகுத்தனர். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் உருவாக்கியிருந்த வடிவத்தை மேற்கோளுக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டு, 1979-இல் அவ்விதிகள் முதன்முதலாக வெளியாயின. வான்கூவர் குழு எனப்பட்ட அவ்வமைப்பே விரிவடைந்து மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு ஆயிற்று. அவ்விதித் தொகுப்பு 2013-இல் பெயர் மாறி, ஆய்வு நெறி, வெளியீட்டு நெறி ஆகியவற்றையும் உள்ளடக்கிய பரிந்துரைகளாக இன்று வழங்குகிறது.

இம்முறையின் சாரம் எளிது. கட்டுரையில் எந்த மூலம் முதலில் குறிப்பிடப்படுகிறதோ அதற்கு 1 என்னும் எண். அடுத்து வருவதற்கு 2. ஒரு மூலத்தை மீண்டும் குறிப்பிட்டால் பழைய எண்ணே வரும். புதிய எண் தரப்படுவதில்லை. அட்டவணையில் மட்டும் ஒரு மூலம் வருமாயின், அந்த அட்டவணை கட்டுரையில் முதலில் சுட்டப்படும் இடத்தைக் கொண்டு அதன் எண் அமையும். இறுதிப் பட்டியல் அகர வரிசையில் அமையாது. எண் வரிசையிலேயே அமையும். ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் தருகின்ற ஹார்வர்டு முறை சமூகவியல் போன்ற துறைகளில் பெரிதும் வழங்குகிறது. மருத்துவ இதழ்களில் எண் முறையே பெருவழக்கு.

நம் மருத்துவரின் முதற்பிழை இவ்விடத்தில்தான் இருந்தது. கட்டுரையின் நடுவே ஒரு பத்தியைப் பின்னர் சேர்த்த அவர், எண்களை மாற்றவில்லை. ஏழாம் எண்ணைத் தேடிச் செல்லும் வாசகர் எட்டாவதாக இருந்திருக்க வேண்டிய நூலுக்குச் சென்று சேர்வார். ஓர் அறிவிப்பாளரின் மத்னுக்கு மற்றோர் அறிவிப்பாளரின் ஸனதைப் பொருத்திவிடுவதை ஹதீஸ் கலையில் 'மக்லூப்' வகையில் சேர்ப்பர். செய்தியும் உண்மையானது, தொடரும் உண்மையானது, பொருத்தமே பிழையானது.

ஒரு மேற்கோளின் உறுப்புகள்

இதழ்க் கட்டுரை ஒன்றின் மேற்கோளில் ஆறு உறுப்புகள் உள்ளன: ஆசிரியர் பெயர், கட்டுரைத் தலைப்பு, இதழின் சுருக்கப் பெயர், ஆண்டு, தொகுதியும் இதழ் எண்ணும், பக்கம். தீக்காயத் துறையின் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது இவ்வாறு எழுதப்படும்:

பாக்ஸ்டர் சிஆர், ஷயர்ஸ் டி. ஃபிசியாலஜிக்கல் ரெஸ்பான்ஸ் டு கிரிஸ்டலாய்ட் ரெஸசிட்டேஷன் ஆஃப் சிவியர் பர்ன்ஸ். ஆன் என் ஒய் அகாட் சை. 1968;150(3):874-94.

குடும்பப் பெயர் முதலிலும், முன்னெழுத்துகள் பின்னரும் புள்ளியின்றி வருகின்றன. ஆறு ஆசிரியர்களுக்கு மேல் இருந்தால் முதல் அறுவர் பெயரைத் தந்து 'மற்றும் பிறர்' என முடிப்பது இவ்விதிகளின் எடுத்துக்காட்டுகளில் காணப்படும் வழக்கம். ஆண்டுக்குப் பின் அரைப்புள்ளி, தொகுதிக்குப் பின் அடைப்புக்குறிக்குள் இதழ் எண், பின்னர் முக்காற்புள்ளி, அதன்பின் பக்கம். 874 முதல் 894 வரை என்பதில் பொதுவான இலக்கத்தை விட்டுவிட்டு 874-94 எனச் சுருக்குவர். நூலாயின் ஆசிரியர், தலைப்பு, பதிப்பு எண், வெளியான ஊர், பதிப்பகம், ஆண்டு ஆகியவை வேண்டும். இணையத்திலிருந்து எடுத்ததாயின் எந்த நாளில் பார்த்தோம் என்பதும் வேண்டும். ஏனெனில் நாளை அப்பக்கம் மாறிவிடலாம்.

தமிழிலோ அரபியிலோ வெளியான கட்டுரையை ஆங்கில இதழில் மேற்கோள் காட்டலாமா என்று நம் மருத்துவர் கேட்டார். தாராளமாகக் காட்டலாம். தலைப்பின் மொழிபெயர்ப்பைச் சதுர அடைப்புக்குறிக்குள் தந்து, மூலம் எம்மொழியில் உள்ளது என்பதை இறுதியில் குறிப்பிட விதி இடம் தருகிறது. பதிப்பு பற்றிய எச்சரிக்கை மட்டும் வேண்டும். இப்னு ஸீனாவின் அல்கானூனை 'பாகம் 1, பக்கம் 200' என்று மட்டும் எழுதினால் பயனில்லை. ஹி. 1294-இல் எகிப்தின் பூலாக் அச்சகம் வெளியிட்ட பதிப்பின் பக்கமும், பின்னாளில் பெய்ரூத்தில் வந்த பதிப்புகளின் பக்கமும் ஒன்றல்ல. பதிப்பைச் சொல்லாத பக்க எண், தெருப் பெயரில்லாத வீட்டு எண்ணைப் போன்றது.

இதழ்ப் பெயர்களைச் சுருக்குவதிலும் தன் விருப்பம் செல்லாது. 1913-இல் தொடங்கிய 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்' என்பதை 'இந்தியன் ஜெ மெட் ரெஸ்' என்றே எழுத வேண்டும். இச்சுருக்கங்களை அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. இமாம் ஸுயூத்தீ (ரஹ், வஃபாத் ஹி. 911 / கி.பி. 1505) தமது அல்ஜாமிஉஸ் ஸஃகீரில் புகாரீக்குக் 'கா' என்னும் எழுத்தையும், முஸ்லிமுக்கு 'மீம்' எழுத்தையும், இருவரும் ஒன்றுபட்ட செய்திக்குக் 'காஃப்' எழுத்தையும், அபூதாவூதுக்குத் 'தால்' எழுத்தையும் குறியீடாக வைத்ததை ஓதியவர்கள் அறிவர். அக்குறியீடுகளை அவர் முன்னுரையிலேயே விளக்கிவிட்டார். குறியீடு எல்லாருக்கும் பொதுவாக இருந்தால் அது இடத்தைச் சேமிக்கும். ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி வைத்தால் அது புதிராகிவிடும்.

பெயர்களில் ஒரு சிக்கல்

குடும்பப் பெயர் முதலில், முன்னெழுத்துகள் பின்னர் என்னும் விதி ஐரோப்பியப் பெயர்களுக்கு ஏற்றது. தமிழருக்கோ பெரும்பாலும் குடும்பப் பெயரே இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னால் நிற்கிறது. எனவே ஒருவரின் சொந்தப் பெயர் குடும்பப் பெயராகவோ, தந்தை பெயர் குடும்பப் பெயராகவோ மாறி, ஒரே மனிதர் இரண்டு மூன்று பேராகப் பட்டியல்களில் உலவுகிறார்.

முஸ்லிம் பெயர்களில் இச்சிக்கல் இன்னும் ஆழமானது. நம் மருத்துவரின் பட்டியலில் 'ரஹ்மான் ஏ' என்று ஓர் ஆசிரியர் இருந்தார். மூலக் கட்டுரையை எடுத்துப் பார்த்தால் அவர் பெயர் அப்துர் ரஹ்மான். 'ரஹ்மானின் அடியார்' என்னும் பொருளுடைய ஒரே பெயரை இரண்டாகப் பிளந்து, 'அடியார்' என்னும் பகுதியை ஓர் எழுத்தாகக் குறுக்கி, அல்லாஹ்வுக்கு மட்டுமே உரிய திருநாமத்தை ஒரு மனிதருக்குச் சூட்டியதாக அது முடிந்தது. செய்தவர் வேண்டுமென்று செய்யவில்லை. மென்பொருள் செய்தது, இவர் பார்க்கவில்லை. மறைந்த குடியரசுத் தலைவரின் முழுப்பெயர் ஆவுல் பக்கீர் ஜைனுலாபிதீன் அப்துல் கலாம். இதில் முதல் மூன்றும் முன்னோர் பெயர்கள். 'அப்துல் கலாம்' என்பது அவருடைய சொந்தப் பெயர். இயந்திரத்தனமாக விதியைப் பொருத்தினால் அவர் 'கலாம் ஏபிஜேஏ' ஆகிவிடுகிறார். முன்னோர் பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரின் பாதியும் ஒரே வரிசையில் நின்றுவிடுகின்றன.

இதற்கு வழி என்ன? மேற்கோள் காட்டுபவர் மூலக் கட்டுரையில் அச்சான வடிவத்தைப் பார்த்து, கூட்டுப் பெயரைப் பிளக்காமல் எழுத வேண்டும். கட்டுரை எழுதும் இளைஞர்கள் தம் முதற் கட்டுரையிலேயே 'அப்துர்ரஹ்மான்' என ஒரே சொல்லாகப் பெயரை நிலைப்படுத்திக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் அவ்வடிவத்தையே பயன்படுத்துவது நல்லது. 2012-இல் தொடங்கிய 'ஆர்கிட்' என்னும் பதினாறு இலக்க ஆய்வாளர் எண்ணும் இவ்விடர்ப்பாட்டை நீக்குவதற்கே வந்தது. ஒரே பெயருடைய பல அறிவிப்பாளர்களைப் பிரித்தறிவதற்காக அல்கதீப் அல்பஃக்தாதீ (ரஹ், வஃபாத் ஹி. 463 / கி.பி. 1071) 'அல்முத்தஃபிக் வல் முஃப்தரிக்' என்று தனி நூலே எழுதினார். பெயரில் மயக்கம் நேர்ந்தால், நம்பகமானவருக்கும் நம்பகமற்றவருக்கும் வேறுபாடு அழிந்துவிடும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

எட்டு மணி நேரம், எப்போதிலிருந்து?

இதுவரை சொன்னவை வடிவத்தின் பிழைகள். திருப்பி அனுப்பிய இதழின் மதிப்பீட்டாளர் சுட்டிய மூன்றாம் பிழை உயிரோடு தொடர்புடையது.

கடுமையான தீக்காயம் அடைந்தவருக்கு இரத்த நாளத்தின் வழியே எவ்வளவு திரவம் செலுத்த வேண்டும் என்பதற்குப் 'பார்க்லேண்ட் வாய்பாடு' என்று ஒன்று உண்டு. நாம் மேலே எடுத்துக்காட்டிய பாக்ஸ்டர், ஷயர்ஸ் ஆகியோரின் ஆய்வோடு இணைத்துப் பேசப்படும் வாய்பாடு அது. நோயாளியின் எடையைக் கிலோகிராமிலும், வெந்த பரப்பை விழுக்காட்டிலும் எடுத்து, இரண்டையும் பெருக்கி, அதை 4 மில்லிலிட்டரால் பெருக்கினால் முதல் 24 மணி நேரத்துக்குரிய அளவு கிடைக்கும். அதில் பாதியை முதல் 8 மணி நேரத்திலும், மறுபாதியை அடுத்த 16 மணி நேரத்திலும் செலுத்த வேண்டும். நம் மருத்துவர் இதை எழுதி, 1968-ஆம் ஆண்டுக் கட்டுரையின் எண்ணை இட்டிருந்தார். மதிப்பீட்டாளர் ஓரத்தில் ஒரே ஒரு வினாவை எழுதியிருந்தார்: 8 மணி நேரம் எப்போதிலிருந்து?

மருத்துவமனைக்கு வந்த நேரத்திலிருந்து அன்று. காயம் பட்ட நேரத்திலிருந்து. இந்த ஒரு சொற்றொடர் விடுபட்டால் என்ன நேரும் என்று கணக்கிட்டுப் பார்த்தோம். 60 கிலோ எடையும் 30 விழுக்காடு தீக்காயமும் உள்ள ஒருவருக்கு 4 × 60 × 30 = 7,200 மில்லிலிட்டர் வேண்டும். அதில் பாதி 3,600. பட்டாசுத் தொழிற்சாலையில் காயம்பட்டவர் முதலுதவி பெற்று, பெரிய மருத்துவமனைக்கு வந்து சேர 3 மணி நேரம் ஆகிவிட்டது, இடையில் திரவம் ஏதும் செலுத்தப்படவில்லை என வைத்துக்கொள்வோம். எஞ்சியிருப்பது 5 மணி நேரமே. அப்படியானால் மணிக்கு 720 மில்லிலிட்டர் என்று கணக்குத் தொடங்க வேண்டும். வந்த நேரத்திலிருந்து எண்ணினால் மணிக்கு 450 என்று ஆகிவிடும். மருத்துவர்கள் சிறுநீரின் அளவு முதலியவற்றைப் பார்த்து இதைக் கூட்டவும் குறைக்கவும் செய்வர். வாய்பாடு தொடக்கம் மட்டுமே. ஆயினும் தொடக்கமே பிழையானால், சேதம் நோயாளிக்குத்தான்.

"அந்த 1968 கட்டுரையை நீங்கள் படித்தீர்களா?" என்று கேட்டோம்.

சிறிது நேரம் அமைதியாக இருந்தார். "இல்லை ஹஜ்ரத். வேறொரு கட்டுரையில் அவர்கள் இந்த எண்ணைக் காட்டியிருந்தார்கள். அதைப் பார்த்து எழுதினேன். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றார்.

அவருடைய நேர்மையை நாம் மதித்தோம். ஆனால் அவர் செய்ததற்கு நம் கலையில் ஒரு பெயர் உண்டு. தாம் நேரில் கேட்காத ஒருவரிடமிருந்து, நேரில் கேட்டது போன்று தோன்றும் சொல்லால் அறிவித்து, இடையில் இருப்பவரை மறைப்பதற்குத் 'தத்லீஸ்' என்று பெயர். அப்படிச் செய்பவர் நம்பகமானவராக இருந்தாலும், 'நான் கேட்டேன்' என்று தெளிவாகச் சொன்னாலன்றி அவர் அறிவிப்பை ஏற்கத் தயங்குவர். மருத்துவ இதழ்களின் பன்னாட்டுக் குழுவும் இயன்றவரை மூல ஆய்வையே நேரில் சுட்டுமாறு வலியுறுத்துகிறது. மூலம் கிடைக்கவில்லையெனில், படித்த நூலையே மேற்கோளாகக் காட்டுவது நேர்மை. அதில் இழிவொன்றும் இல்லை.

ஐந்து வாக்கியங்கள் செய்த வேலை

இத்தகைய மறைப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு மருத்துவ உலகமே மறக்க இயலாத ஒரு சான்று உண்டு. 1980 ஜனவரி 10 அன்று 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் ஆகிய இருவர் எழுதிய ஒரு கடிதம் வெளியாயிற்று. ஐந்தே வாக்கியங்கள். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களில் அபின் வகை வலிநீக்கி மருந்து தரப்பட்ட 11,882 பேரின் பதிவேடுகளை ஆராய்ந்ததில், முன்னர் அப்பழக்கம் இல்லாதவர்களில் நால்வர் மட்டுமே நன்கு சான்றுறுதிப்பட்ட அடிமைநிலைக்கு ஆளாகியிருந்தனர் என்பது அதன் செய்தி. அது உண்மைச் செய்தியே. ஆனால் அது மருத்துவமனைக்குள், கண்காணிப்பில் இருந்தவர்களைப் பற்றியது. வீட்டிற்கு எடுத்துச் சென்று மாதக்கணக்கில் மருந்து உண்பவர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

2017-இல் அதே இதழில் வெளியான ஓர் ஆய்வு, இக்கடிதம் 608 முறை மேற்கோள் காட்டப்பட்டிருப்பதைக் கண்டறிந்தது. அவற்றுள் 72 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை, 'இம்மருந்துக்கு அடிமையாவது அரிது' என்பதற்கு இதைச் சான்றாக்கின. மருத்துவமனையில் தங்கியவர்களைப் பற்றிய செய்தி இது என்பதைச் சொல்லாமல் விட்டவை 80 விழுக்காட்டுக்கும் மேல். அமெரிக்காவில் அபின் வகை மருந்துகளால் விளைந்த பேரழிவுக்குப் பல காரணங்கள் உண்டு. மருந்து நிறுவனங்களின் விற்பனை உத்தியும் அவற்றுள் ஒன்று. ஆயினும் ஐந்து வாக்கியங்களைப் படிக்கவும் பொறுமையின்றி அடுத்தவர் பட்டியலிலிருந்து எண்ணைப் பெயர்த்து எழுதிய கைகளுக்கும் அதில் பங்குண்டு. பின்னர் இதழாசிரியர்கள் அக்கடிதத்தின் மேலேயே ஓர் எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்த்தனர். கடிதத்தில் பொய் இல்லை. அதன் நிபந்தனை வழியில் உதிர்ந்துபோயிற்று.

காலமும் எல்லையும்

நிபந்தனை உதிர்வது நம் மாவட்டத்துச் செய்திகளிலும் நிகழ்கிறது. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் வேலை செய்தது பற்றி எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1990 அக்டோபர் 31 அன்று ஒரு தீர்ப்பு வழங்கியது. அதில் 1985 டிசம்பர் 31 நிலவரப்படி 221 பதிவுபெற்ற தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் 27,338 தொழிலாளர்கள் இருந்தனர் என்றும், அவர்களில் 2,941 பேர் குழந்தைகள் என்றும் ஒரு கணக்குக் குறிப்பிடப்பட்டுள்ளது. இவ்வெண்ணை மேற்கோள் காட்டுபவர் மூன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும்: எந்த நாளின் கணக்கு, எந்தத் தொழில், பதிவுபெற்றவை மட்டும் என்னும் எல்லை. 'சிவகாசியில் 2,941 குழந்தைத் தொழிலாளர்கள்' என்று மட்டும் எழுதினால், வீடுகளில் கட்டுக் கட்டியவர்களும் பதிவில்லாத கூடங்களில் இருந்தவர்களும் மறைந்துபோவர். பழைய கணக்கு இன்றைய கணக்காகவும் மாறிவிடும். குறைத்துச் சொல்ல விரும்புபவருக்கும் மிகைப்படுத்த விரும்புபவருக்கும் அது ஒருசேரப் பயன்படும்.

ஊர்ப் பெயரும் கவனத்திற்குரியது. அத்தீர்ப்பில் மாவட்டத்தின் பெயர் காமராஜர் மாவட்டம் என்றிருக்கும். 1985-இல் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து காமராஜர் பெயரால் வழங்கிய இம்மாவட்டம், 1997-இல்தான் விருதுநகர் மாவட்டம் ஆயிற்று. 'விருதுநகர்' என்று மட்டும் தேடுபவருக்குப் பழைய ஆய்வுகள் பல கிட்டா. விபத்துச் செய்திகளிலும் அவ்வாறே. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. இத்தகைய நிகழ்வுகளில் முதல் நாள் நாளிதழ் தரும் எண்ணும், சிகிச்சை பலனின்றி இறந்தவர்களையும் சேர்த்த பிந்தைய எண்ணும் வேறுபடுவது இயல்பு. ஆகவே எந்த நாளிதழ், எந்த நாள் என்பதைக் குறிக்காத எண்ணைக் கட்டுரையில் சேர்க்கலாகாது.

விலக்கப்பட்டவையும் புனையப்பட்டவையும்

ஒரு கட்டுரை அச்சானபின் பிழையானது எனக் கண்டறியப்பட்டால் இதழ் அதைத் திரும்பப் பெறும். 1998-இல் 'லான்செட்' இதழில் தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்திற்கும் தொடர்பிருப்பதாக ஐயம் எழுப்பிய கட்டுரை 2010 பிப்ரவரியில் முற்றாகத் திரும்பப் பெறப்பட்டது. இடையில் பன்னிரண்டு ஆண்டுகள். அதற்குப் பின்னரும் அதன் நிலையைச் சொல்லாமல் மேற்கோள் காட்டுவோர் உண்டு. எனவே கட்டுரையை அனுப்புமுன், பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் இன்னும் நிலைநிற்கிறதா எனத் தரவகத்தில் பார்க்க வேண்டும் என்பது விதி. திரும்பப் பெறப்பட்டதையே விவாதிக்க நேர்ந்தால் அந்நிலையை மேற்கோளிலேயே குறிக்க வேண்டும். பலவீனமான செய்தியை அதன் தரத்தைச் சொல்லாமல் அறிவிப்பதை முஹத்திஸ்கள் கண்டித்ததன் காரணமும் இதுவே.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. உரையாடும் கணினி நிரல்களிடம் மேற்கோள் கேட்டால், உண்மையான ஆசிரியர் பெயர், உண்மையான இதழ், பொருத்தமான ஆண்டு எல்லாம் சேர்த்து, உலகில் இல்லாத கட்டுரை ஒன்றை அவை தந்துவிடக் கூடும். வடிவத்தில் ஒரு புள்ளியும் பிழையிராது. அழகிய ஸனதைப் புனைந்து செய்தி இட்டுக்கட்டியோரைப் பற்றி இப்னுல் ஜவ்ஸீ (ரஹ், வஃபாத் ஹி. 597 / கி.பி. 1201) போன்றோர் தனி நூல்களே எழுத நேர்ந்ததை நாம் அறிவோம். இத்தகைய நிரலை ஆசிரியராகக் குறிக்கக் கூடாது என்றும், மேற்கோள்களின் பொறுப்பு மனிதருடையதே என்றும் பன்னாட்டுக் குழு 2023-இல் தெளிவுபடுத்தியது. வடிவம் சரியாக இருப்பது உண்மைக்குச் சான்றாகாது.

'லீ' என்னும் ஒரு சொல்

மருத்துவ நூல்களில் மூலத்தைக் குறிப்பிடும் ஒழுக்கம் வான்கூவரில்தான் பிறந்தது என்று எண்ண வேண்டியதில்லை. அபூபக்கர் அர்ராஸீ (வஃபாத் ஹி. 313 / கி.பி. 925) தம் 'அல்ஹாவீ'யில் கிரேக்க, சிரியாக், இந்திய, அரபு மருத்துவர்களின் கூற்றுகளை அவரவர் பெயரோடு தொகுத்தார். தம் சொந்தக் கருத்தைச் சொல்லும் இடத்தில் 'லீ', அதாவது 'என்னுடையது' என்று ஒரு சொல்லை முன்வைத்தார். பிறருடையது எது, தம்முடையது எது என்னும் எல்லைக்கோடு அந்தச் சிறு சொல். நம் நாட்டிலேயே ஹைதராபாதின் தாயிரத்துல் மஆரிஃப் நிறுவனம் 1955 முதல் அந்நூலைப் பல பாகங்களாக அச்சிட்டது. மருந்துப் பொருள்களைத் தொகுத்த இப்னுல் பைத்தார் (வஃபாத் ஹி. 646 / கி.பி. 1248) ஒவ்வொரு கூற்றையும் சொன்னவர் பெயரோடு சேர்த்தே தந்தார்.

இமாம் ஃகஸ்ஸாலீயின் (ரஹ்) இஹ்யாவில் வரும் ஹதீஸ்களை ஒவ்வொன்றாகத் தேடி, எந்நூலில் எத்தரத்தில் உள்ளது என எழுதிய ஹாஃபிழ் அல்இராகீ (ரஹ், வஃபாத் ஹி. 806 / கி.பி. 1404), மூலம் கிடைக்காத இடத்தில் கிடைக்கவில்லை என்றே எழுதினார். பெரிய இமாமின் நூலாயிற்றே என்று தயங்கவில்லை. இப்பணிக்குத் 'தக்ரீஜ்' என்று பெயர். மருத்துவக் கட்டுரையாளர் தம் பட்டியலை அனுப்புமுன் தாமே செய்துகொள்ள வேண்டியதும் அதுவே. இரு துறைகளும் ஒன்றே என்று நாம் சொல்ல வரவில்லை. ஹதீஸின் ஸனத் மனிதர்களின் நம்பகத்தை ஆராய்கிறது. மருத்துவ மேற்கோள் வாசகரை மூலத்திடம் அழைத்துச் சென்று, தாமே ஆராயுமாறு விட்டுவிடுகிறது. ஆனால் இரண்டின் அடியிலும் இருப்பது அமானத் என்னும் ஒரே பண்பு.

முடிவாக

நம் மருத்துவர் அன்றிரவே வேலையைத் தொடங்கினார். நாம் அவருக்குச் சொன்னவை நான்கு. படித்ததை மட்டும் பட்டியலில் வையுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் மூலத்தின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். பெயரையும் எண்ணையும் மூலத்திலிருந்து எழுதுங்கள்; பிறர் பட்டியலிலிருந்து எழுதாதீர்கள். ஸோட்டெரோ போன்ற இலவச மென்பொருள்கள் எண் வரிசையையும் புள்ளிகளையும் பார்த்துக்கொள்ளும். பொருளை நீங்கள்தான் பார்க்க வேண்டும். சில வாரங்கள் கழித்து 1968 கட்டுரையின் படி ஒன்றை நூலகர் ஒருவர் வழியே பெற்றுப் படித்துவிட்டு, 'காயம் பட்ட நேரத்திலிருந்து' என்னும் சொற்றொடரைத் தம் கட்டுரையில் சேர்த்தார். பட்டியலிலிருந்து ஒன்பது மேற்கோள்களை நீக்கியும்விட்டார். அவற்றை அவர் படித்ததில்லை.

பட்டாசுக் கூடங்களில் வெடியுப்பும் குளோரேட்டும் பார்வைக்கு ஒன்றுபோல் வெள்ளைத் தூளாகவே இருக்கும். கந்தகத்தோடு வெடியுப்பைச் சேர்ப்பது வழக்கமான கலவை; கந்தகத்தோடு குளோரேட்டைச் சேர்ப்பதோ சிறு உராய்விலும் வெடிக்கக் கூடியது என்பதால் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது மூட்டையின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டு. அதைச் சரியாக எழுதுவது ஒரு பெரிய கலையன்று. எழுத்தர் ஒருவர் கவனத்தோடு செய்யும் சிறு வேலை. ஆனால் அச்சீட்டை நம்பித்தான் அடுத்த அறையில் ஒருவர் கலவையைக் கையில் எடுக்கிறார். மேற்கோள் எழுதும் நம் இளைஞர்கள் அந்த அறையில் இருப்பவரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.